ஒரு மீட்டர் எடைக்கவண்: கோட்டை இடித்த பொறியைக் கட்டி, சரிபார்த்து, எறிவது எப்படி

சாஸ்திரமேளா (பள்ளி அறிவியல் கண்காட்சி) நெருங்கும்போது பிள்ளைகள் கவண்பொறி செய்யலாம் என்று வந்து நிற்பார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எவ்வளவு தூரம் போகும் சார்?" பழைய காலத்தில் கோட்டையை முற்றுகையிட்டவர்களுக்கு இது அவ்வளவு பெரிய கேள்வி இல்லை. மதில் மேலிருந்து வரும் அம்புக்கு எட்டாத இடத்தில் பொறியை நிறுத்தியாயிற்று, அங்கிருந்து கல் மதிலைத் தொடுகிறது என்றால் தூரத்தின் வேலை முடிந்தது. அதற்கு மேல் அவர்களுக்கு வேண்டியிருந்தது, நேற்றுக் கல் விழுந்த இடத்திலேயே இன்றைக்கும் கல் விழுவது. கருங்கல் மதில் ஒரே அடியில் உடையாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடி விழுந்து, காரை உதிர்ந்து, கல் அசைந்து, பிறகுதான் சரியும்.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். இங்கே சொல்லப்போவது ஒரு மீட்டர் நீளக் கை (எறியும் மரச்சட்டம்) உள்ள பொறி. தச்சு வேலை கொஞ்சம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே கட்டிவிடுவார்கள். அதிக தூரம் எறிவதற்காக அல்ல, ஒரே இடத்தில் எறிவதற்காகக் கட்டப்போகிறோம். அளவுகள் எல்லாம் அந்த நோக்கத்தில் வந்தவை.

எந்தப் பொறி, ஏன்

கல் எறியும் பொறிகள் மூன்று வகை. முதலாவது முறுக்குப் பொறி. கி.மு. 399 வாக்கில் சிரக்யூஸ் நகரத்தில் தயாநீசியஸ் என்ற ஆட்சியாளர் கைவினைஞர்களைக் கூட்டி வில்பொறி செய்ய வைத்தார். அந்த வில்பொறியிலிருந்து கிளைத்ததுதான் முறுக்குப் பொறி. விலங்கின் நரம்பையோ முடியையோ கற்றையாக முறுக்கி, அதற்குள் ஒரு மரக் கையைச் செருகி, இழுத்து விடுவார்கள். கணக்கெல்லாம் பிரமாதம். எறியும் கல்லின் எடையை மினா என்ற அளவில் எடுத்து, 100ஆல் பெருக்கி, கனமூலம் கண்டு, 1.1ஆல் பெருக்கினால் கற்றை நுழையும் துளையின் குறுக்களவு விரற்கடையில் கிடைக்கும். பொறியின் மற்ற எல்லா உறுப்பும் அந்த ஒரு அளவின் மடங்கு. கி.மு. 149இல் ரோமானியர்கள் கார்த்தேஜை வளைத்தபோது, அந்த ஊர்ப் பெண்கள் பொறிக் கயிறுக்காகத் தலைமுடியை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஈரம் பட்டால் கற்றை தளரும், எறி மாறும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் துலா மழை (வடகிழக்குப் பருவமழை) என்று இருக்கிற நம் ஊரில் காலையில் முறுக்கியது மாலையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் அதை விட்டுவிடலாம்.

இரண்டாவது ஆள் இழுக்கும் பொறி. சீனத்தில் கிறிஸ்துவுக்கு முன்பே இருந்தது. ஒரு நீளக் கையின் குட்டை முனையில் கயிறுகளைக் கட்டி, ஒரு கூட்டமே சேர்ந்து இழுக்கும். வேகமாக எறியலாம். ஆனால் ஆள் களைப்பான். ஒரு இழுப்பு போல மறு இழுப்பு இருக்காது.

மூன்றாவது எடைக்கவண். இணையத்தில் ட்ரெபுஷே என்று தேடினால் வருவது. இழுக்கும் ஆட்களுக்குப் பதில் மண்ணும் கல்லும் நிரப்பிய பெட்டி. 12ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக்கடல் நாடுகளில் பரவியது. சுல்தான் சலாஹுத்தீனுக்காக அல்-தர்சூசி எழுதிய படைக்கல நூலில் இதன் விவரம் இருக்கிறது. பெட்டி களைப்படையாது. காலையில் எந்த எடையோ மாலையிலும் அதே எடை, அதே உயரத்திலிருந்து விழும். அதனால்தான் கல் அதே இடத்துக்குப் போகிறது. 1273இல் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் படை சீனத்தின் சியாங்யாங் நகரைப் பணிய வைத்தது பாரசீகப் பொறியாளர்கள் கட்டிய இந்தப் பொறியால்தான். ஐந்தாறு வருடமாகப் பிடி கொடுக்காத நகரம் அது. 1304இல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டை சரணடைய முன்வந்தபோது, இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் உடனே ஏற்கவில்லை. 'போர் ஓநாய்' என்று பெயர் வைத்துக் கட்டிய தன் பெரிய எடைக்கவணை எறிந்து பார்த்த பிறகே சரணை ஏற்றான்.

நம் நாட்டிலும் கல் எறியும் பொறிகள் கோட்டைக்கு வெளியே மட்டும் நின்றதில்லை. 1301இல் ரணதம்போர் முற்றுகையில் கோட்டைக்குள்ளிருந்து பறந்து வந்த கல் பட்டுத்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி நுஸ்ரத் கான் இறந்தார். அதற்கும் பல நூற்றாண்டு முன்பே, மதுரை மதில் மேல் என்னென்ன பொறிகள் இருந்தன என்று சிலப்பதிகாரம் அடுக்கும் பட்டியலில் 'கல்லுமிழ் கவண்' வருகிறது.

இது வேலை செய்யும் விதம் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கிணற்று ஏற்றம் பார்த்தவர்கள். ஒரு கவைமேல் நீளக் கழி, பின்பக்கம் கட்டிய கல் இறங்கினால் முன்பக்கம் தண்ணீர்ச் சால் ஏறும். எடைக்கவணில் எடை மிக அதிகம், எறிபொருள் மிகக் குறைவு, நெடுங்கையின் முனையில் கூடுதலாக ஒரு கவண்கயிறு. அந்தக் கயிறுதான் கல்லைக் கொல்லும் பொருளாக்குகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அளவுகள்

கை: 100 செ.மீ. நீளத் தேக்குச் சட்டம். ரேகை நேராக ஓட வேண்டும், முடிச்சு இருக்கக் கூடாது. அச்சுத் துளை குட்டை முனையிலிருந்து 20 செ.மீ. தள்ளி. ஆக, குட்டைக் கை 20, நெடுங்கை 80. அச்சு இருக்கும் இடத்தில் 5 செ.மீ. உயரம், 3 செ.மீ. கனம் இருக்கட்டும். அங்கிருந்து நெடுங்கை முனைவரை இழைத்து இழைத்து 2 செ.மீ. சதுரத்துக்குக் கொண்டுவாருங்கள். முனையில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் கல்லுக்குப் போக வேண்டிய சக்தியைத் தின்னும். பனஞ்சட்டம் எங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கும், உறுதியும் கூட. ஆனால் கைக்கு அது வேண்டாம், கனம் அதிகம். சட்டகத்துக்குப் போடுங்கள்.

சட்டகம்: கூரை வடிவில் இரண்டு பக்கத் தாங்கிகள், தரையிலிருந்து அச்சு 60 செ.மீ. உயரத்தில். அடிக்கட்டை 120 செ.மீ. நீளம், இரண்டு தாங்கிக்கும் இடையே 30 செ.மீ. உள்வெளி. மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் கட்டாயம். தாங்கியின் தலையைக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தால், எறியும்போதும் அசையும், கல் வலமும் இடமுமாகப் போகும். ஆணியை நம்பாதீர்கள், போல்ட் போடுங்கள்.

அச்சு: 16 மி.மீ. இரும்புக் கம்பி. கைத்துளையில் சிறு இரும்புக் குழாய்த் துண்டைப் புதைத்து அதற்குள் கம்பி ஓடட்டும், கிரீஸ் தடவுங்கள். கை இடமும் வலமும் நகராதபடி இருபுறமும் வாஷர்.

எடைப்பெட்டி: 18 செ.மீ. அகலம், 18 நீளம், 15 உயரம். ஆக்ரிக் கடையில் (பழைய இரும்புக் கடை) பழைய நட்டு, போல்ட் கிலோ கணக்கில் வாங்கி நிரப்புங்கள், 10 கிலோ தாராளமாகக் கொள்ளும். மணல் போட்டால் அதே எடைக்குப் பெட்டி பெரிதாக வேண்டியிருக்கும், தரையில் இடிக்கும். பெட்டியைக் கையோடு இறுக்காதீர்கள். குட்டை முனையில் 12 மி.மீ. கம்பி ஒன்று செருகி, 15 செ.மீ. பட்டை இரும்பு இரண்டில் தொங்க விடுங்கள். தொங்கும் பெட்டி கிட்டத்தட்ட நேராக விழும். இறுக்கிய பெட்டி வட்டமடித்து, சக்தியின் ஒரு பகுதியைத் தானே வைத்துக்கொள்ளும். பெட்டி அடியில் இறங்கி நிற்கும்போது தரைக்கும் அதற்கும் 10 செ.மீ. மிஞ்சும்.

கையை மடக்கி நெடுங்கை முனை தரைக்கு மூன்று, நாலு செ.மீ. மேலே நிற்கும் அளவுக்குக் கொண்டுவந்தால் கை 45 பாகையில் நிற்கும். அப்போது குட்டை முனை அச்சுக்கு மேலே 14 செ.மீ. உயரத்தில் இருக்கும். விட்டதும் அச்சுக்குக் கீழே 20 செ.மீ. வரை இறங்கும். மொத்த வீழ்ச்சி 34 செ.மீ.

கல்லோடை: கல் சறுக்கி ஓடும் பாதை. நாலு அங்குல பிவிசி பைப்பை நெடுக்கில் பிளந்து 80 செ.மீ. நீளத்துக்குச் சட்டகத்தின் நடுவில், தரையோடு தரையாகப் பதியுங்கள். உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும்.

கவண்கயிறும் ஆணியும்

பிள்ளைகள் சட்டகத்துக்கு வார்னிஷ் அடிக்க ஒரு நாள் எடுத்துக்கொள்வார்கள், கயிறை ஐந்து நிமிடத்தில் கட்டுவார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டிய வேலை இது. 3 மி.மீ. பின்னல் நைலான் கயிறு எடுத்து, ஒரு இரவு முழுக்க ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்டு நீட்டிக்கொள்ளுங்கள். நீட்டாத கயிறு எறிய எறிய நீளும், ஒவ்வொரு எறியும் மாறும்.

கல் வைக்கும் தொட்டில் பழைய ஜீன்ஸ் துணியில், 14 செ.மீ. நீளம், நடுவில் 7 செ.மீ. அகலம். இரண்டு முனையிலும் கயிறு. ஒரு கயிறு நெடுங்கை முனைக்குச் சற்றுக் கீழே துளையிட்டு நிரந்தரமாகக் கட்டப்படும். மற்றதின் முனையில் சாவி வளையம். கல்லை வைத்துத் தூக்கிப் பிடித்தால் தொட்டில் சரியாமல் நடுவில் நிற்க வேண்டும், அதாவது இரண்டு கயிறும் ஒரே நீளம். கைமுனையிலிருந்து தொட்டிலின் நடு வரை 75 செ.மீ. வைத்துத் தொடங்குங்கள்.

வளையம் மாட்டுவது கைமுனையில் உள்ள ஆணியில். முனையின் தலைப்பில் முதலில் துளை போட்டுவிட்டு (இல்லாவிட்டால் மரம் பிளக்கும்) ஒரு ஆணியை அடித்து, தலையை அறுத்து, 3 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள். அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, நகத்தால் வருடினால் எங்கும் தடுக்காத அளவுக்கு வழவழப்பாக்குங்கள். பொறி முழுவதிலும் கல் எந்த நொடியில் கிளம்ப வேண்டும் என்று தீர்மானிப்பது இந்த 3 செ.மீ. ஆணிதான். கை சுழன்று எழும்போது கயிறு விறைத்து, வளையத்தை ஆணியோடு இழுத்துப் பிடித்திருக்கும். கல் கைமுனையைச் சுற்றிக்கொண்டு மேலே வரும்போது கயிறின் திசை மாறி, ஒரு கட்டத்தில் வளையம் ஆணியில் வழுக்கிக் கழலும். தொட்டில் திறக்கும், கல் போகும்.

ஆணி கையின் நேர்கோட்டிலேயே இருந்தால் வளையம் சீக்கிரம் கழலும், கல் வானத்துக்குப் போகும், சில நேரம் பொறிக்குப் பின்னாலும் விழும். எறியும் பக்கமாக ஆணியை வளைத்தால் வளையம் தாமதமாகக் கழலும், கல் தாழப் பாயும். ரொம்ப வளைத்தால் பொறிக்கு முன்னாலேயே தரையில் குத்தும். சுமார் 30 பாகை வளைவில் தொடங்கி, குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள்.

ஒரு மாணவி கேட்டாள், "கல்லு ஏன் சார் முதல்ல பின்னாடி ஓடுது?" நல்ல கண். மடக்கிய நிலையில் கல் சட்டகத்துக்கு அடியில், எடைப்பெட்டிப் பக்கமாக இருக்கிறது. கை எழ ஆரம்பித்ததும் கயிறு அதைக் கல்லோடையில் பின்னோக்கி இழுக்கிறது. பிறகுதான் தூக்கி, சுழற்றி, முன்னால் வீசுகிறது. கை ஒரு வட்டம் போடுகிறது, கையின் முனையைச் சுற்றிக் கல் இன்னொரு வட்டம் போடுகிறது. கையின் வேகத்தோடு கயிறின் வேகமும் சேர்வது இப்படித்தான்.

கொக்கி

சட்டகத்தின் பின் குறுக்குக்கட்டையில் ஒரு கண் ஸ்க்ரூ. கைமுனைக்கு அருகே ஒரு கயிற்றுக் கண்ணி. கண்ணியைக் கண்ணுக்குள் விட்டு, அதில் வழவழப்பான இரும்பு முளையைச் செருகினால் கை நிற்கும். பத்துக் கிலோ எடைக்கு முனையில் தேவைப்படும் பிடி இரண்டரைக் கிலோ அளவுதான், அதனால் முளை லேசாக உருவி வரும். முளையில் 5 மீட்டர் கயிறு கட்டிப் பக்கவாட்டில் நின்று இழுங்கள்.

உருண்டைகள்

எடை 100 கிராம். சித்தூர் வட்டத்துக் கரிசல் மண்ணை அப்படியே உருட்டினால் காய்ந்ததும் வெடித்துவிடும். குளத்துக் களிமண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணல் சேர்த்துப் பிசைந்து, நிழலில் உலர்த்துங்கள். காய்ந்த பிறகு எடை குறையும், அதனால் கொஞ்சம் கூடுதலாக உருட்டி, காய்ந்ததும் தராசில் வைத்து உப்புத்தாளால் தேய்த்து 100க்குக் கொண்டுவாருங்கள். கருங்கல் துண்டு, இரும்புக் குண்டு எதுவும் கூடாது. மண் உருண்டை விழுந்த இடத்தில் உடையும், உருண்டு ஓடாது, விழுந்த புள்ளி தெளிவாகத் தெரியும். அந்தக் காலத்திலும் கிடைத்த கல்லைத் தூக்கி எறியவில்லை. கல்தச்சர்களை உட்கார வைத்து, ஒரே பருமனில் உருண்டையாகக் கொத்தி வாங்கினார்கள். எடை மாறினால் விழும் இடம் மாறும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வயலில்

அறுவடை முடிந்த வயல் வேண்டும். முன்னால் 100 மீட்டர், பின்னால் 50 மீட்டருக்கு ஆள், வீடு, மாடு, வழி எதுவும் இல்லாமல். பின்பக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆணி சரியில்லாத பொறி கல்லைப் பின்னால்தான் போடும். எடைப்பெட்டி மேலே இருக்கும்போது யாரும் சட்டகத்துக்குள் கையையோ தலையையோ விடக் கூடாது, முளை செருகியிருந்தாலும் கூடாது. கல் வைக்கும் ஆளும் முளை இழுக்கும் ஆளும் ஒருவரே. அவர்தான் கடைசியாக விலகுபவர். முதல் எறிகளுக்கு 5 கிலோ எடை போதும். சட்டகம் தாங்குகிறது என்று தெரிந்த பிறகு 10.

எங்கள் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் காற்று ஒரு தொல்லை. மழைக்காலத்தில் மேற்கிலிருந்து, மார்கழி தையில் கிழக்கிலிருந்து, வெயில் ஏறஏற வலுக்கும். காலையிலேயே எறிந்துவிடுங்கள்.

எவ்வளவு தூரம் எதிர்பார்க்கலாம்? எடையின் நிலையாற்றல் முழுவதும் கல்லுக்குப் போனால், பெரும தூரம் = 2 × (எடை ÷ கல்லின் எடை) × வீழ்ச்சி. அதாவது 2 × 100 × 0.34 = 68 மீட்டர். உராய்வு, கையின் எடை, காற்று எல்லாம் போக அதில் பாதி கிடைத்தால் பொறி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் முக்கியமான வேலை. ஒரே அமைப்பில் ஐந்து உருண்டை எறிந்து, விழுந்த இடங்களில் குச்சி நடுங்கள். ஐந்தும் அடங்கும் வட்டத்தின் குறுக்களவை நோட்டில் எழுதுங்கள். வட்டம் இடவலமாகப் பரந்திருந்தால் தவறு சட்டகத்திலோ அச்சிலோ: தாங்கி அசைகிறது, வாஷர் தளர்ந்திருக்கிறது, அல்லது தொட்டில் ஒருபக்கம் சாய்கிறது. முன்பின்னாகப் பரந்திருந்தால் உருண்டைகளின் எடை மாறுகிறது, கல்லோடையில் மண் கிடக்கிறது, அல்லது வளையம் ஆணியில் எங்கோ தடுக்குகிறது. பெரும்பாலும் கடைசிக் காரணம்தான். ஆணியை மறுபடி உப்புத்தாளால் தேயுங்கள். ஒரு தடவை ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி ஐந்து எறியுங்கள்.

பக்கவாட்டில் நின்று போனில் ஸ்லோ மோஷன் எடுத்தால் கயிறு நீளத்தையும் சரி செய்யலாம். வளையம் கழலும் நொடியில் கை கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக, பெட்டி அச்சுக்கு நேர் கீழே வேகம் தணிந்து நின்றால் நல்ல அமைப்பு, சக்தி கல்லுக்குப் போய்விட்டது. கை நெட்டுக்குத்தைத் தாண்டிய பிறகுதான் கல் மேலே வருகிறது என்றால் கயிறு நீளம், குறைத்துக்கொள்ளுங்கள். கை எழும் முன்பே கல் சுழன்று வந்துவிட்டால் கயிறு குட்டை. கல் போன பிறகும் பெட்டி பலமாக ஆடிக்கொண்டிருந்தால் மிச்ச சக்தி அங்கே வீணாகிறது.

பிள்ளைகளைப் பாலக்காட்டுக் கோட்டைக்கும் ஒரு நடை கூட்டிப் போங்கள். எல்லோரும் திப்பு கோட்டை என்பார்கள், 1766இல் இப்போதைய உருவில் கட்டியது ஹைதர் அலி. அகழியையும் மதிலையும் பார்த்தால் இது வேறு காலத்துக் கோட்டை என்று புரியும். மதில் உயரத்தை நம்பவில்லை, பருமனை நம்புகிறது. மூலைக்கு மூலை கொத்தளம் வெளியே துருத்தி நிற்கிறது. பீரங்கிக் குண்டு வளைந்து மேலே ஏறி விழுவதில்லை, நேராக வந்து மதிலின் மார்பில் அடிக்கும். உயர்ந்து மெலிந்த மதில் அதற்கு நல்ல இலக்கு. அதனால்தான் மதில் தாழ்ந்து தடித்தது. அப்படியும் 1783இல் கர்னல் ஃபுல்லார்ட்டன் 11 நாள் முற்றுகையில் இதைப் பிடித்தார்.

மேளாவுக்குக் கொண்டுபோகும்போது முதலில் எடைப்பெட்டியைக் கழற்றுங்கள், பிறகு கை, கடைசியில் சட்டகம். இணைப்புகளில் பெயின்ட்டால் எண் போட்டுக்கொண்டால் அங்கே போய்த் தேட வேண்டாம். மேளா வருவது துலா மழைக் காலத்தில், நைலான் கயிறின் நீளமும் ஈரத்தில் கொஞ்சம் மாறும். கவண்கயிறைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி எடுத்துப் போங்கள். அங்கே போனதும் கையை மாட்டும் முன் டேப்பை வைத்து 75 செ.மீ. இருக்கிறதா என்று மறுபடி அளந்து பாருங்கள்.